லயன் காம்பராவின் அடுப்புப் புகைக்கு வீட்டுச் செடிகள் தீர்வாகுமா?

டிக்கோயாவிலிருந்து ஒரு மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், இரண்டு வரிசை வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் பழைய இரட்டை லயனில் இருக்கிறது. முன்னால் இஸ்தோப்பு (முன் தாழ்வாரம்), அதற்குப் பின்னால் 10 அடிக்கு 12 அடி அளவில் ஒரு காம்பரா (அறை). இஸ்தோப்பின் ஒரு பக்கத்தைத் தகரத்தால் மறைத்து அடுப்பு வைத்திருக்கிறோம். பின்சுவர் மறுபக்கத்துக் குடும்பத்துக்கும் சுவர் என்பதால், அங்கே யன்னல் வைக்க வழியே இல்லை. 2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது விறகடுப்புக்குத் திரும்பிய நாங்கள், பின்னர் சிலிண்டரின் விலைக்கு அஞ்சி அதிலேயே நின்றுவிட்டோம். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்த, மலைகளிலிருந்து கொண்டுவரும் மிலாறு எனப்படும் கிளைகள்தான் எங்களுக்கு விறகு.

அம்மாவுக்குப் பல ஆண்டுகளாக இழுப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டுச் சமைக்க வேண்டியிருப்பதால் அவருக்கு மூச்சு வாங்குவது கூடிவிடுகிறது. நுவரெலியாவில் செடி விற்கும் ஒருவர், பாம்புக் கற்றாழை, மணி பிளாண்ட், பீஸ் லில்லி ஆகியவற்றைக் காம்பராவுக்குள் வைத்தால் அவை நச்சுக்காற்றை உறிஞ்சிவிடும் என்றும், இதை அமெரிக்காவின் நாசா நிறுவனமே ஆராய்ந்து சொல்லியிருக்கிறது என்றும் கூறினார். அவர் கேட்ட தொகை எங்களுக்குச் சிறிய தொகை அல்ல. அம்மாவுக்குப் பயன்படுமென்றால் எப்படியாவது வாங்கிவிடுவேன்.

இது உண்மைதானா? உண்மையென்றால் ஒரு காம்பராவுக்கு எத்தனை சாடிகள் தேவைப்படும்? எங்கள் குளிரில் எந்தச் செடி நிலைக்கும்? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

பதுளை இரசாயன ஆசிரியர்

தங்கைக்கு வணக்கம். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னரே கேட்டீர்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்தச் செடிகளால் உங்கள் அம்மாவின் மூச்சுக்குக் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கை நம் மலையகத்தில் மட்டுமன்றி உலகம் முழுவதும் பரவியிருக்கிறது.

நாசாவின் ஆய்வு நடந்தது உண்மை. 1989ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் பில் வோல்வர்ட்டன் என்பவரும் அவருடைய குழுவினரும், காற்றுப் புகாதபடி மூடிய கண்ணாடி போன்ற பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன், போமல்டிகைட்டு, முக்குளோரோஎதிலீன் ஆகிய ஆவிகளைச் செலுத்தி, ஒரு நாள் கழித்து அவை எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று அளந்தார்கள். அவை குறைந்திருந்தன. அந்த வேலையில் பெரும்பங்கை இலைகளைவிட வேர்மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிர்களுமே செய்கின்றன என்பதும் அங்கே தெரியவந்தது. விண்கலத்தைப் போல வெளிக்காற்று நுழையாத இடத்தில் மனிதர் வாழ நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களுக்கு அது பயனுள்ள முடிவு.

ஆனால் வீடு என்பது மூடிய பெட்டி அல்ல. கதவு இடுக்கு, ஓட்டுச் சந்து, யன்னல் என்று பல வழிகளால் வெளிக்காற்று உள்ளே வருவதும் உள்காற்று வெளியே போவதும் இடைவிடாமல் நடக்கிறது. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கமிங்ஸ், வாரிங் ஆகிய இருவர், அதுவரை வெளியான 12 ஆய்வுகளிலிருந்து 196 சோதனை முடிவுகளைத் திரட்டி, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஒரு சாடிச் செடி மணிக்கு எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்கிறது என்பதே அந்த அளவுகோல். முடிவுகளின் நடு எண் 0.023 கன மீற்றர். சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றுப் பரிமாற்றத்துக்கு ஈடாகச் செடிகள் உழைக்க வேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 10 முதல் 1,000 சாடிகள் வரை வைக்க வேண்டும் என்று அவர்கள் கணித்தார்கள்.

இதை உங்கள் காம்பராவுக்குப் பொருத்திப் பாருங்கள். 10 அடிக்கு 12 அடி, உயரம் சராசரியாக 8 அடி என்று கொண்டால், உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 27 கன மீற்றர். அந்தக் காற்று மணிக்கு ஒரு தடவை மாறுவது பெரிய காற்றோட்டமே அல்ல. அந்தச் சிறிய அளவுக்கு ஈடுகொடுக்கவே 27ஐ 0.023 ஆல் வகுத்துக் கிடைக்கும் 1,100க்கும் மேற்பட்ட சாடிகள் வேண்டும். அவ்வளவு சாடிகளை வைத்தால் மனிதருக்கு இடமிராது. கதவைத் திறந்து வைத்தால் அதைவிட அதிகமான வேலை செலவில்லாமல் முடிந்துவிடும்.

மேலே சொன்ன கணக்கும் ஆவிகளுக்கு மட்டுமே உரியது. உங்கள் அம்மாவைத் துன்புறுத்துவது விறகுப் புகை. அதிலே இரண்டு பொருள்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள். விட்டம் 2.5 மைக்ரோமீற்றர் அல்லது அதற்கும் குறைவு, அதாவது தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கைவிடப் பெரிதல்ல. மூக்கும் தொண்டையும் வடிகட்ட முடியாத அத்துகள் நேரே நுரையீரலின் ஆழத்துக்குச் செல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு திருத்திய வழிகாட்டலின்படி, 24 மணிநேரச் சராசரியில் ஒரு கன மீற்றர் காற்றில் இத்துகள் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. புகைபோக்கியில்லாத விறகடுப்பு எரியும் அடைத்த அறையில் அது சமையல் நேரத்தில் நூற்றுக்கணக்கிலும், சில வேளை அதற்கு மேலும் ஏறிவிடுகிறது. மற்றையது காபனோரொட்சைட்டு. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலிமையோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த இரண்டில் எதையும் நான்கைந்து பூச்சாடிகளால் குறைத்துவிட முடியாது.

கந்தப்பளை நாற்றுமேடை

ஆசிரியர் ஐயா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். செடி வளர்த்து விற்பதே என் தொழில். ஆயினும் நோயாளி இருக்கும் வீட்டுக்கு மருந்தைப் போலச் செடியை விற்பது முறையல்ல என்பதே என் எண்ணம்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாம்புக் கற்றாழை வெப்பமான, உலர்ந்த நிலத்துக்குரிய செடி. டிக்கோயா, ஹட்டன் பகுதிகள் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே அது உயிர் பிழைக்கும், ஆனால் ஆடி மழையில் வாரத்துக்கு இரு தடவை நீர் ஊற்றினால் அடி அழுகிச் சாய்ந்துவிடும். மண் முழுவதும் காய்ந்த பின்னரே நீர் வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் அதற்கு மேலே எங்கள் பக்கத்திலும், தை, மாசி மாத இரவுகளில் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது அதன் இலையில் நீர்க்கசிவு போன்ற புள்ளிகள் விழும். பீஸ் லில்லியும் மணி பிளாண்டும் அந்தக் குளிரில் வளராமல் முடங்கிப்போகும். நம் ஊருக்கு உரியவை பிகோனியா, ஜெரேனியம், பன்னம் போன்றவை. நம் தாய்மார் பால்மா ரின்களிலும் பெயின்ற் வாளிகளிலும் நட்டு இஸ்தோப்பு ஓரத்தில் வரிசையாக வைத்த செடிகள் அவைதான். அவற்றை வாங்கவும் வேண்டியதில்லை, பக்கத்து வீட்டில் ஒரு கிளை கேட்டால் போதும்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். சாடியில் ஊற்றும் நீரில் மிகப் பெரும் பங்கு, இலை வழியாகவும் மண் வழியாகவும் ஆவியாகி அறைக்குள்ளேயே கலக்கிறது. மலையகத்து மழைக்காலத்தில் காம்பரா ஏற்கெனவே ஈரமாகத்தான் இருக்கும். துணி காயாது, பாய் குளிர்ந்து கிடக்கும், சுவரின் கீழ்ப்பகுதியில் பூஞ்சணம் பூக்கும். அந்த அறைக்குள் பத்துச் சாடிகளை அடுக்கினால் ஈரம் மேலும் கூடும், சாடி மண்ணின் மேற்பரப்பிலும் வெண்பூஞ்சணம் படரும். இழுப்பு உள்ளவர்களுக்குப் பூஞ்சண வித்தி ஆகாது. ஆகவே அம்மா உறங்கும் காம்பராவுக்குள் வைக்காமல், இஸ்தோப்பில் அடுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள்.

சாடிக்குக் கீழே வைக்கும் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். போத்தலில் நீரூற்றி மணி பிளாண்ட் வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு தடவையாவது நீரை முழுவதும் கொட்டி, போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு இத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது, அந்த முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். மேல் மலைகளில் குளிர் ஓரளவு காப்பாற்றுகிறது. கண்டி, மாத்தளைப் பக்கத்தில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் மணி பிளாண்டையும், தண்டு தடித்த டிஃபன்பாக்கியாவையும் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.

டிக்கோயாவிலிருந்து ஒரு மகள்

ஆசிரியர் ஐயாவுக்கும் நாற்றுமேடை ஐயாவுக்கும் மிகுந்த நன்றி. செடி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இஸ்தோப்பிலுள்ள பன்னத்தின் இலையைத் துணியால் துடைத்தால் கரி அப்பிக்கொண்டு வருகிறது. அப்படியென்றால் செடி புகையைப் பிடித்து வைக்கிறது என்றுதானே பொருள்? அடுத்தது, இரவில் செடிகள் காபனீரொட்சைட்டை வெளிவிடுவதால் படுக்கும் அறையில் அவை இருப்பது ஆபத்து என்று எங்கள் பாட்டி சொல்வார். அது சரியா?

பதுளை இரசாயன ஆசிரியர்

நல்ல கேள்விகள், தங்கை. இலையில் கரி படிவது உண்மை. அதே கரி அலுமாரியின் மேலும், சுவரிலும், கூரையின் உட்புறத்திலும் படிகிறது. எந்தப் பரப்பு இருந்தாலும் கனமான துகள் அதன்மேல் இறங்கத்தான் செய்யும். நுரையீரலுக்குள் போகும் நுண்துகள் எளிதில் கீழே இறங்காது, அடுப்பு அணைந்த பின்னரும் மணிக்கணக்காகக் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். இலையில் கரி இருப்பதை உங்கள் வீட்டில் எவ்வளவு புகை இருக்கிறது என்பதற்கான அடையாளமாகக் கொள்ளுங்கள். அந்த இலையைத் துடைத்துவிடுவதும் நல்லதே, ஏனெனில் கரி படிந்த இலைக்கு ஒளி குறைந்து ஒளித்தொகுப்பும் குறையும்.

பாட்டி சொன்னதில் அறிவியல் இருக்கிறது, அளவில்தான் பிழை. இருளில் செடி சுவாசிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறுவது உண்மை. ஆனால் ஒரு சாடிச் செடி இரவு முழுவதும் வெளிவிடுவது, அதே அறையில் உறங்கும் ஒருவர் வெளிவிடுவதோடு ஒப்பிட்டால் மிக மிகச் சிறியது. பாம்புக் கற்றாழை இரவில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளே எடுக்கும் இனம் என்பதும் உண்மையே. அதை வைத்துக்கொண்டு அது இரவு முழுவதும் ஒட்சிசனைப் பொழிகிறது என்று விற்பவர்கள் சொல்வது தவறு. ஒட்சிசன் உண்டாக ஒளி வேண்டும். அறைக்குள் செடி வைப்பதற்கு எதிரான காரணம் நாற்றுமேடை ஐயா குறிப்பிட்ட ஈரமும் பூஞ்சணமுந்தான்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நுளம்புக்காகக் காம்பராவுக்குள் சுருள் கொளுத்தும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்து 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று கண்டது. நுளம்பு வலை இருக்கும்போது அந்தப் புகை எதற்கு?

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்

மகளே, நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் நீண்டகாலம் பணியாற்றியவள். புகை பிடிக்காத, வெற்றிலையைத் தவிர வேறொன்றும் அறியாத எத்தனையோ தாய்மாருக்கு, வாழ்நாள் முழுவதும் அடுப்பூதியதாலேயே நுரையீரல் கெட்டுப்போனதைக் கண்டிருக்கிறேன். வீட்டுக்குள் எரியும் விறகு, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இது நம் வீட்டுப் பெண்களின் பிரச்சினை என்பதாலேயே நெடுங்காலம் யாரும் பேசாமல் இருந்துவிட்டார்கள் என்ற மனக்குறை எனக்கு உண்டு.

முதல் வேலையாக, அம்மாவுக்கு இருப்பது ஆஸ்துமாவா, அல்லது புகையால் மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கும் நீண்டகால நுரையீரல் நோயா என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள். குழாயில் ஊதச் செய்து மூச்சின் வேகத்தை அளக்கும் சோதனை இருக்கிறது, அதற்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மருந்து முறை வேறு. வைத்தியர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரை, மூச்சு வாங்காத நாளிலும் அவர் சொன்னபடி எடுக்க வேண்டும்.

அடுத்தது அடுப்பு. ஈர மிலாறு எரியும்போதுதான் புகை மிக அதிகம். கவ்வாத்து முடிந்த கையோடு கொண்டுவந்ததை அன்றே எரிக்காமல், மழை படாத இடத்தில் காற்றாட அடுக்கி, நன்கு காய்ந்த பிறகு மெல்லிய துண்டுகளாக எடுங்கள். அனகி என்று விற்கப்படும் இரண்டு வாய் மண் அடுப்பு, மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகில் சமைத்துத் தரும், விலையும் தாங்கக்கூடியது. அதற்குப் புகைபோக்கி தனியாக வைக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். பருப்பையும் கடலையையும் முதல்நாளே ஊறவைத்து, சட்டியை மூடிச் சமைத்தால் அடுப்பு எரியும் நேரம் குறையும். சோற்றுக்காவது ஒரு மின்சார ரைஸ் குக்கர் வாங்க முடிந்தால், செடிக்கென்று வைத்திருந்த பணத்துக்கு அதைவிட நல்ல செலவு எனக்குத் தோன்றவில்லை. முடிந்தவரை சமையலை வேறொருவர் பொறுப்பேற்று, அந்த நேரத்தில் அம்மா வெளிக்காற்றில் இருக்கட்டும்.

இரட்டை லயனில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் காற்றோட்டம் இராது என்பது எனக்குத் தெரியும். முன்பக்கத்தை மட்டும் திறந்தால் புகை சுழன்று மீண்டும் உள்ளேதான் வரும். சூடான புகை மேலே ஏறுவதால், அதற்கு மேலே ஒரு வழி வேண்டும். அடுப்புக்கு மேலே தகரத்தால் ஒரு கூண்டு அமைத்து, அதிலிருந்து ஒரு குழாயைக் கூரை முகட்டைவிட உயரமாகக் கொண்டுபோக வேண்டும். முகட்டுக்குக் கீழேயே குழாயை முடித்துவிட்டால் காற்று அடிக்கும் நாளில் புகை திரும்பி இறங்கும். அடுப்பிருக்கும் இடத்துக்கும் காம்பராவுக்கும் இடையிலுள்ள மறைப்பைக் கூரை வரை உயர்த்துங்கள். லயன்களில் இடைச்சுவர் பல இடங்களில் பாதியிலேயே நின்றுவிடுவதால், ஒரு வீட்டுப் புகை மேலால் அடுத்த வீட்டுக்கும் போகிறது. அதனால் பக்கத்து வீட்டாருடனும் பேசுங்கள்.

குளிர் இரவுகளில் கரி நெருப்பைச் சட்டியில் அள்ளிக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆசிரியர் ஐயா சொன்ன காபனோரொட்சைட்டு, புகையே தெரியாத அந்தக் கரி நெருப்பிலிருந்துதான் மிகுதியாக வரும். தலைவலியும் வாந்தியும் தொடங்கும்போது எழுந்து கதவைத் திறக்கும் வலு இருக்காது.

டிக்கோயாவிலிருந்து ஒரு மகள்

அம்மா, நீங்கள் எழுதியதை எங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வருகிற கிளினிக்கில் அந்தச் சோதனையைக் கேட்கிறோம். ரைஸ் குக்கரும் வாங்கிவிடலாம். புகைபோக்கிதான் கவலையாக இருக்கிறது. லயன் தோட்டத்துக்குச் சொந்தமானது, கூரை பழைய அஸ்பெஸ்டஸ் தகடு. நாங்களாகத் துளையிடலாமா?

ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்

மகளுக்கு வணக்கம். துளையிட வேண்டாம். அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்டும்போதும் துளைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கும், அவை நுரையீரலுக்குள் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் புற்றுநோய் வரை கொண்டுபோகும். புகையிலிருந்து அம்மாவைக் காப்பாற்றப் போய் அந்தத் தூசியை வீட்டுக்குள் கொட்டிவிடக் கூடாது.

குழாய் போகும் இடத்திலுள்ள ஒரு தகட்டை மட்டும் உடைக்காமல் முழுதாகக் கழற்றி, அதே அளவு தகரத்தைப் பொருத்தி, அந்தத் தகரத்தில் துளையிட்டுக் குழாயைச் செருகலாம். கழற்றுவதற்கு முன் தகட்டை நன்றாக நனைத்து, ஆணியைச் சுற்றி மெதுவாக வேலை செய்ய வேண்டும். வேலை முடியும்வரை அம்மாவும் பிள்ளைகளும் வேறிடத்தில் இருக்கட்டும். விழும் தூளை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துப் பையில் கட்டி ஒதுக்குங்கள்.

கூரையில் கைவைக்கத் தோட்ட முகாமையாளரின் அனுமதி வேண்டும். வாய்மொழியாகக் கேட்காமல், அம்மாவின் நோயைக் குறிப்பிடும் கிளினிக் வைத்தியரின் கடிதத்தை இணைத்து எழுத்தில் கேளுங்கள். முகடு இரண்டு வரிசைக்கும் பொது என்பதால் முதுகுப்பக்கத்துக் குடும்பத்தின் கையெழுத்தையும் அதே கடிதத்தில் வாங்குங்கள். பகுதிக்குரிய பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கூரை வேலை தெரிந்த தச்சர் பெரும்பாலான தோட்டங்களில் இருப்பார், அவரையே அனுப்பித் தருமாறு அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.